களத்தில் மாண்ட சகோதரனுக்குக் கல் எங்கே?

யுத்தத்தில் ஒரு சிப்பாய் மாண்டால் ராஜாங்கம் தன் கணக்கில் ஓர் எண்ணைக் கழித்துக்கொள்கிறது. பத்திரிகைகள் ஒரு நாள் எழுதி ஓய்கின்றன. ஊரார் சில மாதங்கள் பேசிப் பின்னர் மறக்கின்றனர். மறக்க இயலாதவர்கள் அவனுடைய வீட்டார் மட்டுமே. அவர்களிலும் பெற்றோர் முதுமையினால் விரைவில் மறைந்துபோகிறார்கள். பிள்ளைகள் தந்தையின் முகத்தை அறியாத குழந்தைகளாக இருந்துவிடுகிறார்கள். அவனோடு ஒரே வட்டிலில் உண்டு, ஒரே வயலில் உழைத்து, ஒரே திண்ணையில் உறங்கிய அண்ணனும் தம்பியும் அக்காளும் தங்கையுமே அவனுடைய பெயரை நெடுங்காலம் நாவிலும் நெஞ்சிலும் வைத்திருப்பவர்கள். ஆயினும் பதக்கம் கொடுப்போரும், உபகாரச் சம்பளம் அளிப்போரும், ஞாபகச் சின்னம் எழுப்புவோரும் உடன்பிறந்தாரை எண்ணுவது அரிது. இந்த அநீதியைப் பற்றிச் சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அந்தப் பிரதேசத்தை நாம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் நிலம் பெரும்பாலும் மானாவாரிப் பூமி. மழை பொய்த்தால் சோளமும் கம்பும் நிலக்கடலையும் பொய்க்கும். நிலம் சோறு போடாத வருஷங்களில் வாலிபர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டனர். சிலர் கடல் கடந்து தோட்டக் கூலிகளாகப் போயினர். சிலர் பட்டாளத்தில் சேர்ந்தனர். இவ்வாறு போனவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. ஆனால் களத்தில் மாண்டவனை எவ்விதம் போற்ற வேண்டும் என்பதை இந்தப் பூமிக்கு அந்நியர் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உலகில் பல தேசத்தார் அதை அறியுமுன்னரே இப்பகுதியார் அறிந்திருந்தனர்.

நடுகல் சொல்லும் நீதி

பழைய சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்து, 1965-ம் வருஷத்தில் தனி ஜில்லாவாகப் பிரிந்த தருமபுரிப் பகுதியிலும், அதை அடுத்த செங்கம் பகுதியிலும் நூற்றுக்கணக்கான நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. கல்லைக் காண்பது முதல், அதைக் கொணர்வது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தியுள்ளது. அந்தக் கற்களில் எழுதியிருப்பது மிகச் சுருக்கம். எந்த அரசனுடைய ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு, மாண்டவன் யாருடைய மகன் அல்லது யாருடைய சேவகன், எந்தக் காரியத்தில் பட்டான் என்பவை மாத்திரமே அதில் இருக்கும். ஊர் மாடுகளைக் கள்வரிடமிருந்து மீட்கையில் பட்டவனுக்கும் கல் உண்டு. படையெடுப்பில் பட்டவனுக்கும் கல் உண்டு. மாண்டவன் சிற்றரசனாக இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. சாமானியனுக்கும் கல் நட்டார்கள். அவனுடைய பெயரை வெட்டினார்கள்.

சாத்தனூருக்கு அருகிலுள்ள எடுத்தனூரில் கிடைத்த கல் ஒன்றைப் பற்றி நேயர்களில் பலர் கேட்டிருப்பர். அது முதலாம் மகேந்திரவர்மனுடைய 34-வது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில் நடப்பட்டது. எருமை மந்தையைக் காக்கையில் பட்ட ஒரு வீரனை அது நினைவுகூர்கிறது. அவனோடு நின்று கள்வரைக் கடித்த நாயையும் அக்கல் மறக்கவில்லை. அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்தில் வெட்டியிருக்கிறது. நாய்க்கும் பெயர் சொல்லி நன்றி செலுத்திய நாடு இது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் நாம் சொல்லப்போகும் ஒரு விஷயத்தை எடை போடுவதற்கு அது உதவும்.

கல் நட்டதோடு கடமை முடிந்துவிட்டதாக நம் முன்னோர் கருதவில்லை. மாண்டவனுடைய குடும்பத்தாருக்கு நிலம் விட்டனர். அதற்கு நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றால் இரத்தம். இரத்தம் சிந்தியதற்காகக் கொடுத்த பூமி என்பது பொருள். மாண்டவனுக்குப் பெயரும், மிஞ்சியவர்களுக்குச் சோறும் தருவதே முழுமையான மரியாதை என்ற கொள்கை இதில் அடங்கியிருக்கிறது. இன்றும் அரூர், ஊத்தங்கரைப் பக்கங்களில் பல நடுகற்களை வேடியப்பன் என்று பெயரிட்டு ஜனங்கள் பூஜிக்கின்றனர். கல்லெழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும், அந்தக் கல்லில் நிற்பவன் ஊருக்காக உயிர் விட்டவன் என்பதை மறக்கவில்லை.

தங்காளின் கடன்

உடன்பிறந்தாரின் கடனைச் சொல்வதில் கொங்கு நாட்டுக்கு நிகரான நாடு எது என்று நாம் கேட்கிறோம். அண்ணன்மார் சுவாமி கதையை அறியாத கிராமம் அங்கே இல்லை. பொன்னரும் சங்கரும் களத்தில் மாண்டனர் என்று அறிந்ததும் அவர்கள் தங்கை தங்காள் அழுதுகொண்டு வீட்டில் அமரவில்லை. காட்டிலும் மேட்டிலும் அலைந்து, பிணங்களினிடையே தேடி, அண்ணன்மாருடைய உடல்களைக் கண்டெடுத்தாள். உடுக்கைப் பாட்டாக இரவு இரவாகப் பாடப்பட்டு வந்த இக்கதையைச் சக்திக்கனல் நூலாகப் பதிப்பித்தார்; பிரெண்டா பெக் என்ற அறிஞர் கொங்கு நாட்டில் தங்கி, பாடுவோரிடமிருந்தே அதைப் பதிவு செய்தார். மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இன்றும் படுகளம் நடைபெறுகிறது. வாலிபர்கள் மாண்டவர்களைப் போல் வீழ்ந்து கிடப்பதும், தங்காளின் அருளினால் எழுவதும் அங்கே ஆயிரக்கணக்கான ஜனங்கள் காணும் காட்சி.

இந்தக் கதையில் ஒரு நுட்பம் உண்டு. அண்ணன்மாரைத் தெய்வமாக்கியது அவர்கள் வெட்டிய தலைகளின் எண்ணிக்கை அல்ல. அவர்களைத் தேடிச் சென்ற ஒருத்தி இருந்தாள். அதனால் அவர்கள் மறக்கப்படவில்லை. தேடுவார் இல்லாத வீரன் எத்தனை பெரிய வீரனாயினும் காட்டில் கிடந்து மட்கிப்போவான். கொங்குத் திருமணங்களில் மணமகனுடைய சகோதரிக்கென்றே இணைச்சீர் என ஒரு சடங்கு வைத்திருப்பதையும் இங்கே நினைக்க வேண்டும். உடன்பிறந்தாளின் பாத்தியதையைச் சடங்கில் ஏற்றுக்கொள்ளும் சமூகம், துக்கத்திலும் அவளுடைய பாத்தியதையை ஏற்றுக்கொள்வதே முறை.

சங்ககிரிக் கோட்டை

1805-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். கும்பினியாரைக் காவிரிக் கரையிலும், ஓடாநிலையிலும், அறச்சலூரிலும் எதிர்த்துப் போர் செய்தவர் அவர். ஆடிப் பதினெட்டன்று அவருடைய நினைவைக் கொங்கு நாடு கொண்டாடி வருகிறது. 2005-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் அவர் பெயரால் தபால் தலையும் வெளியிட்டது. இவையெல்லாம் தகும். ஆனால் அன்று அந்தக் கோட்டையில் அவர் ஒருவர் மாத்திரம் மாளவில்லை. அவருடைய சகோதரர்களான பெரியதம்பியும் கிலேதாரும் உடன் தூக்கிலிடப்பட்டனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அண்ணனுடைய பெயரை மேடை தோறும் முழக்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தம்பியரின் பெயர்களைச் சொல்கிறார்கள்? அண்ணனோடு களம் சென்று, அண்ணனோடு கயிற்றில் தொங்கியவர்கள் சரித்திரத்தில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டனர். தலைவனைப் போற்றி உடன் மாண்டோரை மறப்பது நம்மிடமும் உள்ள குறைதான் என்பதைச் சொல்லிவிட்டே அந்நிய ராஜாங்கத்தின் குறைக்கு வருகிறோம்.

பாஸ்ராவில் எண்ணாகிப் போனவர்கள்

1914-ல் மூண்ட ஐரோப்பிய மகாயுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். ஏறக்குறைய 74,000 பேர் மாண்டனர். சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் இவர்களில் உண்டு. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா துறைமுகத்தில் நடந்த சண்டையில் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-வது படையும் இருந்தது. மெசபடோமியாவின் வெயிலிலும் சேற்றிலும் பாலம் கட்டிய மதராஸ் சாப்பர்களும் தமிழ் நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகளே.

மாண்டவர்களுக்குச் சின்னம் எழுப்புவதற்காக 1917-ல் லண்டனில் ஒரு கமிஷன் ஏற்பட்டது. பதவி, இனம், மதம் ஆகிய பேதம் இன்றி எல்லோரையும் சமமாக நினைவுகூர்வதே அதன் கொள்கை என்று பிரகடனம் செய்தனர். நல்ல கொள்கைதான். அது நடந்த விதம் என்ன? மெசபடோமியாவில் மாண்டு, சமாதி இன்னதென்று தெரியாத 40,000-க்கு மேற்பட்டோருக்காக 1929-ல் பாஸ்ராவில் சின்னம் திறந்தனர். அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களை வெட்டினர். இந்தியர்களில் உத்தியோகஸ்தர்களுடைய பெயர்களை வெட்டினர். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, இன்ன படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மாத்திரம் வெட்டினர். ஏழாம் நூற்றாண்டில் எடுத்தனூரார் ஒரு நாய்க்குச் செய்த மரியாதையை, இருபதாம் நூற்றாண்டில் உலகாண்ட ஒரு சாம்ராஜ்யம் தனக்காக உயிர் விட்ட மனிதனுக்குச் செய்யவில்லை. இதற்குமேல் நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இது நம்முடைய குற்றச்சாட்டு மாத்திரமல்ல. அந்தக் கமிஷனே நியமித்த விசேஷக் கமிட்டி 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. ஆசியரும் ஆப்பிரிக்கருமான 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமல்லாத முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது கூறியது. பிந்திய தொகையில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் ஆவர். பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். நூறு வருஷங்கள் கழித்து வந்த மன்னிப்பு அது. மன்னிப்பைக் கேட்க வேண்டிய தம்பியும் தங்கையும் அதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள்.

இரு படைகளில் இரு சகோதரர்

1939 செப்டம்பர் 3-ந் தேதி, இந்திய ஜனப் பிரதிநிதிகள் ஒருவரையும் கேளாமல், இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்துவிட்டதென்று வைஸ்ராய் அறிவித்தார். சேலத்தில் வக்கீலாக இருந்து, அந்நகரசபையின் தலைவராகவும் பணி செய்த ராஜாஜியின் தலைமையிலிருந்த சென்னை மந்திரிசபை, அதனை ஒட்டி அவ்வருஷம் அக்டோபரில் ராஜிநாமா செய்தது. தேசத்தைக் கேட்காமல் தொடங்கிய யுத்தத்தில் தேசத்தின் பிள்ளைகள் 25 லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தனர். சுமார் 87,000 பேர் மாண்டனர். பர்மாக் களத்தில் சமாதியின்றி மாண்டவர் பெயர்கள் ரங்கூனுக்கு அருகிலுள்ள தௌக்கியானில் இருக்கின்றன; அங்கே பொறித்துள்ள பெயர்கள் ஏறக்குறைய 27,000. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இந்த முறை சாதாரணச் சிப்பாயின் பெயரையும் வெட்டினார்கள். ஆனால் சேலத்து உழவர் வீட்டிலிருந்து தௌக்கியானுக்கும் கிராஞ்சிக்கும் போய் அந்தப் பெயரைத் தடவிப் பார்க்க எந்தத் தம்பிக்கு வசதி இருந்தது?

இதற்கு மறுபுறமும் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின், சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பல்லாயிரவரும், மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளரும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பெண்களும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். 1944-ல் இம்பால் களத்தில் இந்தியனை இந்தியன் எதிர்த்து நின்றான். செங்கோட்டை விசாரணையில் ஷா நவாஸ் கான் கொடுத்த வாக்குமூலத்தைத் தேசபக்தர்கள் மறந்திருக்க முடியாது. தம் சொந்தச் சகோதரரே எதிர்ப்படையில் இருந்தார் என்றும், சண்டையில் அவர் காயமடைந்தார் என்றும் அவர் கூறினார். தேசம் அடிமைப்பட்டிருந்தால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளும் எவ்விதம் பிளவுபடுகின்றனர் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.

தேசிய ராணுவத்தில் மாண்டவர்களுக்காக நேதாஜி 1945 ஜூலை 8-ந் தேதி சிங்கப்பூர்க் கடற்கரையில் ஒரு ஞாபகச் சின்னத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். இரண்டு மாதங்களுக்குள் திரும்பி வந்த பிரிட்டிஷ் படையினர் அதைத் தகர்த்தெறிந்தனர். செத்தவர்களின் கல்லோடும் பகைமை பாராட்டினர். 1995-ம் வருஷத்தில்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைக்கப்பட்டது. சுதந்தர இந்தியா 1972 முதல் தேசிய ராணுவத்தினருக்கும் தியாகிகள் உபகாரச் சம்பளம் அளித்தது. உயிரோடு திரும்பியவர்களுக்கும், மாண்டவர்களுடைய விதவைகளுக்கும் அது உதவியது. மணமாகாமலே களத்தில் விழுந்தவனுடைய தங்கைக்கு எஞ்சியது என்ன? ஓர் ஒப்பாரிப் பாட்டு.

ஓர் ஆட்சேபமும் அதற்குப் பதிலும்

அந்நியக் கொடியின் கீழ், அந்நியனுக்காகச் சண்டையிட்டு மாண்டவனை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று தேசியவாதிகள் சிலர் கேட்கின்றனர். இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. சிறை சென்றவனும் தடியடிபட்டவனும் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஆனால் அவன் எதற்காகப் போனான் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தம்பிக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவும், தங்கைக்குக் கல்யாணம் செய்யவும், கடனில் மூழ்கிய நிலத்தை மீட்கவும் போனவர்கள் அநேகர். அந்தச் சாம்ராஜ்யத்தை உண்டாக்கியவன் அவன் அல்லன், அதனிடம் அகப்பட்டவன். கொடியைப் போற்றும்படி நாம் சொல்லவில்லை. கொடியை ஏற்றியவன் போய்விட்டான். கொடியின் கீழ் விழுந்தவன் நம்முடையவன். அவனை மறந்தால், அவனை எண்ணாக்கிய அந்நியனுடைய செயலை நாமே முடித்து வைத்தவர்களாவோம்.

மேலும், இரு படைகளிலும் மாண்டவர்களைப் பிரித்து, ஒருவனுக்கு மாலையும் மற்றவனுக்கு மறதியும் அளிப்பது வீட்டுக்குள் வழக்கத்தில் இல்லை. ஒரு மகன் சர்க்கார்ப் பட்டாளத்திலும் மற்றொரு மகன் தேசிய ராணுவத்திலும் மாண்டிருந்தால், தாய் இருவருக்கும் ஒரே விளக்கைத்தான் ஏற்றுவாள். தேசமும் தாய்தான் என்று மேடையில் சொல்கிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

டெல்லியில் 1931-ல் திறந்த இந்தியா வாயிலில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. 2019 பிப்ரவரி 25-ந் தேதி அதன் அருகில் திறந்த தேசிய யுத்த நினைவிடத்தில், 1947-க்குப் பின் மாண்ட இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களைக் கருங்கல்லில் தனித்தனியே பொறித்திருக்கின்றனர். மாண்டவரின் நெருங்கிய உறவினர் அங்கே மாலை வேளையில் மலர்வளையம் வைக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தியிருக்கின்றனர். பெயரும் இருக்கிறது; உறவும் அழைக்கப்படுகிறது. இது நம் நடுகல் மரபுக்கு உகந்த காரியம். ஆயினும் டெல்லிக் கல் டெல்லியில்தான் இருக்கும். நடுகல்லின் சிறப்பு, அது வீரனுடைய சொந்த ஊரின் எல்லையில் நின்றது என்பதே.

ஆகையால் சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலுள்ள நேயர்களுக்கு மூன்று யோசனைகள் கூறுகிறோம்.

முதலாவது, வீடுகளிலுள்ள பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். முதல் மகாயுத்தப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும், பெயரும், படையும் பொறித்திருக்கும். இரண்டாவது யுத்தத்தில் இந்தியருக்குக் கொடுத்த பதக்கங்களிலும் பெயர் உண்டு. 1914 யுத்தத்தில் மாண்டவருடைய வீட்டாருக்கு அனுப்பிய வெண்கலத் தட்டில் பதவியின்றிப் பெயர் மாத்திரம் இருக்கும். பாத்திரக் கடையில் எடைக்குப் போடுவதற்குமுன் அந்த விளிம்பைப் படியுங்கள். பாட்டனுடைய தம்பி யார் என்பது அங்கே எழுதியிருக்கலாம். அந்த எண்ணைக் கொண்டு யுத்த சமாதிக் கமிஷனின் பதிவேட்டில் அவர் நினைவுகூரப்படும் இடத்தையும் தேடலாம்.

இரண்டாவது, பஞ்சாயத்துகள் தோறும் ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். பஞ்சாபில் முதல் யுத்தத்தில் சேர்ந்த சுமார் 3,20,000 பேரைப் பற்றி ஊர்வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் மியூசியத்தில் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2021-ல் அவற்றில் ஒரு பகுதியை யாரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட்டனர். அதனால் பேரன்மார் பாட்டன்மாரைக் கண்டுபிடித்தனர். அத்தகைய பதிவேட்டைக் கிராம சபைகளே நம் ஊரில் தொடங்கலாம். ஆகஸ்டு 15-ந் தேதி கூடும் சபையில், இந்த ஊரிலிருந்து எந்த யுத்தத்துக்கு யார் போனார், யார் திரும்பவில்லை என்று கேட்டு எழுதுவதற்கு ஒரு மணி நேரம் போதும். வயது முதிர்ந்தோர் இருக்கும்போதே இது நடைபெற வேண்டும்.

மூன்றாவது, அந்தப் பெயர்களை ஊர் எல்லையில் ஒரே கல்லில் வெட்டுங்கள். சர்க்கார்ப் பட்டாளம், தேசிய ராணுவம், சுதந்தர இந்தியாவின் சேனை என்ற பேதம் வேண்டாம். தளபதி முதலில், சிப்பாய் கடைசியில் என்ற வரிசையும் வேண்டாம். மாண்ட வருஷமும் இடமும் போதும். கல்லை நட மந்திரிகள் வரவேண்டுமென்று காத்திராமல், மாண்டவனுடைய உடன்பிறந்தாரோ அவர்தம் சந்ததியாரோ நடட்டும். இன்றைய சட்டத்தில் மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்குப் பின்னரே சகோதரர்களுக்கு இடம். பணத்தின் விஷயத்தில் அந்த வரிசை நியாயம்தான். ஆனால் மாண்டவனை நம்பிப் படித்த தம்பியும், அவனை நம்பி நின்ற தங்கையும் ஆதரவின்றி இருந்தால், ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அவர்கள் வாசலுக்குத் தானே செல்ல வேண்டும். நெய்த்தோர்பட்டி விட்ட நாட்டில் இது பெரிய கோரிக்கை அல்ல.

ஒரு கல்லுக்கும் ஓர் உளிக்கும் ஆகும் செலவு கொஞ்சம். கல்வெட்டும் தொழில் தெரிந்தவர்களும், கருங்கல் மலைகளும் அந்த ஜில்லாக்களில் ஏராளம். தேவைப்படுவது தேடிச் செல்லும் மனம் ஒன்றே. பாஸ்ராவின் எண்களுக்குள் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.  அடுத்த ஆடிப் பதினெட்டுக்குள் சேலம் சமவெளியில் ஓர் ஊராவது தன் பெயர் வரிசையை எழுதி முடிக்கட்டும். மற்ற ஊர்கள் அதைப் பின்பற்றும் என்று நம்புகிறோம்.